வீட்டு நெட்டில் ஆபீஸ் இணைப்பு அடிக்கடி அறுகிறதா? எங்கே அறுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

மீட்டிங் நடுவில் எல்லோர் முகமும் அப்படியே உறைந்து நிற்கிறது. லேப்டாப்பை ஆபீஸ் நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் துண்டித்துக்கொண்டு மறுபடி கடவுச்சொல் கேட்கிறது. உடனே நம் கை போவது ரூட்டரின் சுவிட்சுக்குத்தான். அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் மறுநாள் அதே கதை.

வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியிருக்கும் எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று: சுவிட்சைத் தொடும் முன் இரண்டு நிமிடம் பாருங்கள். ரூட்டரை அணைத்ததும் அதற்குள் இருந்த பதிவுகள் பெரும்பாலும் அழிந்துவிடும். எந்த விளக்கு சிவப்பாக எரிந்தது என்பதும் தெரியாமல் போகும். காரணம் தெரியாமலேயே பிளானை மாற்றி, ரூட்டரை மாற்றி, கம்பெனியையும் மாற்றிப் பணத்தை இழப்பவர்கள் நிறையப் பேர். அறுவது எங்கே என்று தெரிந்தால் பாதிக்கு மேல் செலவே இல்லாமல் சரிசெய்துவிடலாம்.

உங்கள் லேப்டாப்புக்கும் ஆபீஸுக்கும் நடுவே மூன்று துண்டுகள் இருக்கின்றன. லேப்டாப்பிலிருந்து ரூட்டர் வரை ஒன்று. ரூட்டரிலிருந்து இணைய நிறுவனம் வரை, அதாவது தெருவில் தொங்கும் ஃபைபர் வழியாகப் போவது இரண்டாவது. அங்கிருந்து ஆபீஸின் விபிஎன் சர்வர் வரை மூன்றாவது. இந்த மூன்றில் எது அறுந்தாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் குழப்பம்.

முதல் படி: மூன்று ஜன்னலில் பிங்

விண்டோஸ் தேடல் பெட்டியில் சிஎம்டி என்று தட்டினால் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் கொடுங்கள். டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருக்கும் எண்தான் உங்கள் ரூட்டரின் முகவரி. பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ஜியோ ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு 192.168.29.1.

பிங் என்பது ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது. இப்போது பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒரு இடம் விட்டு அந்த முகவரி, மறுபடி ஒரு இடம் விட்டு ஒரு சிறுகோடும் அதை ஒட்டி டி எழுத்தும் போடுங்கள். சிறுகோடும் டியும் இல்லாவிட்டால் விண்டோஸ் நான்கு முறை பிங் செய்துவிட்டு நின்றுவிடும். இருந்தால் நீங்கள் கன்ட்ரோல் சி அழுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். மேக்கிலும் லினக்ஸிலும் இந்த டி தேவையில்லை.

இரண்டாவது ஜன்னலைத் திறந்து அதே போல 8.8.8.8 என்ற முகவரிக்கு ஓடவிடுங்கள். இது இணையதளப் பெயர்களை எண் முகவரியாக மாற்றித் தரும் கூகுளின் பொது டிஎன்எஸ் சேவையின் முகவரி, நம்பகமாகப் பதில் தரும். மூன்றாவது ஜன்னலில் 1.1.1.1, இது கிளவுட்ஃபிளேரின் முகவரி. ஒன்று பதில் தராமல் இன்னொன்று தந்தால் கோளாறு உங்கள் லைனில் இல்லை என்று புரிந்துகொள்ளத்தான் இந்த மூன்றாவது ஜன்னல்.

இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஆபீஸ் விபிஎன் ஓடும்போது அதே லேப்டாப்பில் 8.8.8.8க்குப் பிங் செய்தால், அந்தப் பிங்கும் விபிஎன் வழியாகவே ஆபீஸுக்குப் போய் அங்கிருந்து வெளியே போகலாம். அப்போது விபிஎன் அறுந்தால் பிங்கும் அறும். நெட்தான் போய்விட்டது என்று தவறாக நினைத்துக்கொள்வோம். சில ஆபீஸ் லேப்டாப்புகளில் ரூட்டரைப் பிங் செய்யவே அனுமதி இருக்காது. ஆகவே முடிந்தால் வீட்டில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரை, வேலை செய்யும் மேசை மேலேயே, அதே வைஃபையில் வைத்துப் பிங் ஓடவிடுங்கள். கம்ப்யூட்டர் இல்லையென்றால் போனில் இலவசமாகக் கிடைக்கும் பிங் ஆப் போதும்.

பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று விண்டோஸ் பிங் காட்டும், ஆனால் அப்போது மணி என்ன என்று குறிக்காது. இணைப்பு அறுந்ததும் கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் மணியையும் நிமிடத்தையும் எழுதிவையுங்கள். பின்னால் கஸ்டமர் கேரிடமும் ஆபீஸ் ஐடி ஆட்களிடமும் பேசும்போது இந்தத் தாள்தான் உங்கள் பலம்.

இரண்டாம் படி: திரை சொல்வதைப் படிப்பது

ரூட்டருக்குப் போகும் பிங்கே ரிக்வஸ்ட் டைம்டு அவுட், அதாவது பதில் வரவில்லை, என்று வரிசையாகக் காட்டினால், கோளாறு வீட்டுக்குள். பெரும்பாலும் வைஃபை. இணைய நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை.

ரூட்டர் ஒழுங்காகப் பதில் தருகிறது, வெளியே போகும் இரண்டு பிங்கும் ஒரே சமயத்தில் நிற்கின்றன என்றால் கோளாறு லைனில்.

மூன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்க விபிஎன் மட்டும் அறுந்தால், லேப்டாப் அமைப்பிலோ விபிஎன்னிலோ ஆபீஸ் பக்கமோ தேட வேண்டும்.

அறாமல் நேரம் மட்டும் ஏறினாலும் கவனியுங்கள். ரூட்டரைக் கேபிளில் பிங் செய்தால் 1 மில்லி செகண்டுக்குள் பதில் வரும். வைஃபையில் சில மில்லி செகண்ட், நடுநடுவே கொஞ்சம் துள்ளும், அது இயல்பு. அதுவே நூற்றுக்கணக்கில் ஏறி இறங்கினால் வைஃபை திணறுகிறது. ரூட்டர் பிங் அமைதியாக இருக்க, வெளி பிங் மட்டும் 20, 30இலிருந்து பல நூறுக்கு ஏறினால் லைனை யாரோ அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். எப்போதோ ஒரு முறை ஒற்றைப் பிங் தவறுவதைப் பொருட்படுத்த வேண்டாம். தொடர்ச்சியாக விழுவதுதான் கோளாறு.

வீட்டுக்குள் அறுந்தால்

முதலில் செய்ய வேண்டியது கேபிள் சோதனை. ஒரு கேட் 5இ அல்லது கேட் 6 லேன் கேபிளை ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்குப் போட்டு ஒரு நாள் முழுக்க வேலை பாருங்கள். அன்று எதுவும் அறவில்லை என்றால் வைஃபைதான் காரணம் என்பது உறுதி. லேப்டாப்பில் லேன் துளை இல்லையென்றால் யூஎஸ்பி லேன் அடாப்டர் கடைகளில் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், வேலை மேசைக்குக் கேபிள் இழுக்க முடிகிற வீட்டில் அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். எந்த வீட்டுக்கும் அது தாராளம். சுவரோரமாக பிவிசி கேசிங் பட்டையில் ஓட்டிவிட்டால் காலில் தட்டாது. வீட்டில் பல இடங்களில் பெட்டி வைத்து வைஃபையைப் பரப்பும் மெஷ் ரூட்டர் வாங்கக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

கேபிளுக்கு வழியில்லாதவர்கள் ரூட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஃபைபர் போட வந்தவர் தனக்கு எது வசதியோ அங்கே மாட்டிவிட்டுப் போயிருப்பார்: டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், பரணில், இரும்பு பீரோவின் ஓரத்தில். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, ஃப்ரிட்ஜ், கம்பி போட்ட கான்கிரீட், தண்ணீர்த் தொட்டி, எல்லாமே சிக்னலைத் தடுப்பவை. ரூட்டரைத் திறந்த இடத்தில், தலை உயரத்தில், வேலை அறைக்கு நேர்ப் பார்வையில் வைத்தாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். போனில் வைஃபை அனலைசர் மாதிரி ஆப் போட்டால் சிக்னல் மைனஸ் எண்ணில் காட்டும். மேசையில் மைனஸ் 67 டிபிஎம்மோ அதைவிட நல்லதோ இருந்தால் வீடியோ மீட்டிங்குக்குப் போதும். மைனஸ் 75, 80 என்றால் அந்த அறையில் வேலை பார்ப்பது கஷ்டம்.

அடுத்து அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் அபார்ட்மென்ட் என்றால் பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் அதில்தான் மோதிக்கொள்கின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான். யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கின் கேபிள்கூட அருகில் இருந்தால் 2.4இல் இரைச்சல் போடும். 2.4க்குள் இருக்கும் சேனல்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். பிரவுசரில் ரூட்டரின் முகவரியைத் தட்டினால் திறக்கும் அமைப்புப் பக்கத்தில் ஆட்டோ என்பதை எடுத்துவிட்டு இவற்றில் கூட்டம் குறைந்த ஒன்றைப் போடுங்கள்.

வேலைக்கு 5 கிகாஹெர்ட்ஸ்தான் நல்லது. அதிலும் 36, 40, 44, 48 சேனல்களைத் தேர்ந்தெடுங்கள். 52 முதல் 144 வரை இருப்பவை ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ரேடார் சைகை வந்ததாக ரூட்டர் நினைத்தால் அந்தச் சேனலை விட்டுவிட்டு வேறொன்றுக்குத் தாவும்; நடுவில் உங்கள் இணைப்பு போகும்.

பல ரூட்டர்கள் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும். லேப்டாப் தன்னிஷ்டத்துக்கு இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் தாவும், ஒவ்வொரு தாவலிலும் ஒரு துண்டிப்பு. அமைப்புப் பக்கத்தில் ஸ்மார்ட் கனெக்ட் அல்லது பேண்ட் ஸ்டியரிங் என்பதை அணைத்துவிட்டு, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். ஆபீஸ் லேப்டாப்பை 5இல் மட்டும் சேர்த்து, 2.4இன் பெயரை லேப்டாப்பில் மறக்கச் சொல்லிவிடுங்கள்.

லேப்டாப் பேட்டரியை மிச்சம் பிடிக்க வைஃபையைத் தூங்கவைப்பதும் உண்டு. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழே வைஃபை கார்டை இருமுறை கிளிக் செய்து, பவர் மேனேஜ்மென்ட் என்ற டேப்பில் மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற பெட்டியில் டிக் எடுத்துவிடுங்கள். சார்ஜர் எடுத்த பிறகு மட்டும் அறுகிறது என்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கரண்ட்

நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ரூட்டர் அமைப்புப் பக்கத்தில் அப்டைம் என்று ஒரு வரி இருக்கும், ரூட்டர் கடைசியாக எழுந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும். இணைப்பு அறுந்ததும் அதைப் பாருங்கள். ஐந்து நிமிடம் என்று காட்டினால், நெட் போகவில்லை, ரூட்டரே அணைந்து எழுந்திருக்கிறது.

அதற்குக் காரணங்கள் பல. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த நொடியின் சிறு பகுதியில் ரூட்டர் அணைந்துவிடலாம்; பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால் மாறும் வேகம் கூடும். ரூட்டரின் அடாப்டர் வயதாகித் தளர்ந்திருக்கலாம். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் ரூட்டர் அணைந்து மறுபடி எழும். அடாப்டர் மாற்றும்போது பழையதன் மேல் அச்சிட்ட வோல்ட், ஆம்பியர், பின்னின் துருவக் குறி மூன்றையும் பார்த்து வாங்குங்கள். வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

எளிய தீர்வு, ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன டிசி யூபிஎஸ். 12 வோல்ட் ரூட்டர் என்றால் 12 வோல்ட் யூபிஎஸ். ஃபைபர் பெட்டி தனி, ரூட்டர் தனி என்று இரண்டு இருந்தால் இரண்டுக்கும் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு வேலை செய்யவில்லையே என்று குழம்புபவர்கள் உண்டு.

இரண்டுக்கும் கரண்ட் இருந்தும் தெருவில் கரண்ட் போகும்போதெல்லாம் நெட் போகிறதா? அப்படியானால் உங்கள் கேபிள்காரரின் தெருப் பெட்டியில் பேட்டரி இல்லை. ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் முறையில், நடுவில் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை, ஆனால் எல்லா உள்ளூர் ஆபரேட்டர்களும் அந்த முறையில் லைன் கொடுப்பதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாளில் இதைச் சோதித்துப் பாருங்கள்.

லைனில் அறுந்தால்

ஃபைபர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். பான் (பிஓஎன் என்று எழுதியிருக்கும்) என்ற விளக்கு பச்சையாக நிலையாக எரிய வேண்டும். லாஸ் (எல்ஓஎஸ்) என்பது சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ வெளிச்சமே வீட்டுக்கு வந்து சேரவில்லை. ஃபைபர் எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது. வீட்டுக்குள் வரும் மஞ்சள் அல்லது வெள்ளைக் கம்பி கதவிடுக்கில் நசுங்குகிறதா, ஆணியில் சுருட்டி இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தளர்த்திப் பெரிய வளையமாக விடுங்கள். கனெக்டரைக் கழற்றினால் அதன் முனையைத் தொடவோ கண்ணுக்கு நேராகப் பார்க்கவோ வேண்டாம். உள்ளே வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல்.

விளக்கெல்லாம் பச்சைதான், இருந்தும் அறுகிறது என்றால் அமைப்புப் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்ற எண்ணைத் தேடுங்கள்; ஃபைபர் வழியாக வந்து சேரும் ஒளியின் அளவு அது. மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம்முக்குள் இருந்தால் நலம். வழக்கமான ஜிபான் பெட்டிகளுக்கு மைனஸ் 27 எல்லை. அந்த எல்லையை ஒட்டி ஊசலாடினால், மழை பெய்ததும் வெயில் ஏறியதும் அறுவது அதனால்தான். புகார் கொடுக்கும்போது ஸ்லோவாக இருக்கிறது என்று சொன்னால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 28, இன்று 10.40க்கும் 12.15க்கும் அறுந்தது, லைன்மேனை அனுப்பி ஜாயின்ட்டைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். பதிலின் தொனியே மாறும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் மையத்துக்கு மேலே மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும்; புகார் எண் இருந்தால்தான் அங்கே போக முடியும்.

லைனை அடைத்துக்கொள்வது என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான். வீட்டில் யாரோ ஒருவர் போனில் எடுத்த கல்யாண வீடியோ மொத்தமும் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருக்கும். அப்லோடு நிரம்பியதும், உங்கள் குரலைச் சுமந்து போக வேண்டிய சிறு தரவுப் பொட்டலங்கள் ரூட்டரின் வரிசையில் காத்துக் கிடக்கும். ஒற்றையடிப் பாதையில் லாரி நுழைந்தால் பின்னால் வரும் சைக்கிளும் நின்றுவிடுவது போல. வீடியோ ஏறி முடிந்த பிறகு ஸ்பீடு டெஸ்ட் போட்டால் எல்லாம் பிரமாதமாகத்தான் தெரியும். பெரிய பிளான் எடுத்தாலும் முழுதாகத் தீராது. சோதிக்க, ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டே 8.8.8.8 பிங்கைப் பாருங்கள். நேரம் பல மடங்கு ஏறினால் இதுதான். கிளவுட் பேக்கப்பை இரவுக்கு மாற்றுங்கள், சிசிடிவி கேமரா கிளவுடுக்கு அனுப்புவதைக் குறையுங்கள். ரூட்டரில் இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்கியூஎம் என்ற வசதி இருந்தால் அதைப் போட்டு, அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று சொல்லும் கியூஓஎஸ் மட்டும் இருந்தால் ஆபீஸ் லேப்டாப்புக்கு முன்னுரிமை கொடுங்கள்.

எல்லாம் சரி, விபிஎன் மட்டும் அறுகிறது

இங்கே நேரக் கணக்குதான் துப்பு. சரியாக எட்டு மணி நேரத்துக்கோ பன்னிரண்டு மணி நேரத்துக்கோ ஒரு முறை அறுந்தால், அது ஆபீஸ் வைத்திருக்கும் கால வரம்பு, கோளாறு அல்ல. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் மட்டும் அறுகிறது, வேலை செய்துகொண்டிருந்தால் அறுவதில்லை என்றால், நடுவில் இருக்கும் ரூட்டர் ஒன்று பயன்பாடில்லாத இணைப்பு என்று நினைத்து அதை மறந்துவிடுகிறது. அவ்வப்போது சிறு செய்தி அனுப்பி இணைப்பை உயிரோடு வைக்கும் கீப்அலைவ் அமைப்பைப் போடச் சொல்லி ஐடியிடம் கேளுங்கள். வயர்கார்டு விபிஎன்னில் இதற்கு 25 நொடி என்று வைப்பது வழக்கம்.

விபிஎன் இணைகிறது, ஆனால் ஆபீஸ் சர்வரைத் திறக்க முடியவில்லை என்பது வேறு வகை. வீட்டிலும் ஆபீஸிலும் 192.168.1 என்றே முகவரி தொடங்கினால் லேப்டாப்புக்கு எது எங்கே என்று தெரியாது. வீட்டு ரூட்டரின் முகவரியை 192.168.57.1 மாதிரி யாரும் வைக்காத ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள்.

சின்னப் பக்கங்கள் திறக்கின்றன, பெரிய கோப்பு மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது என்றால் எம்டியூவை, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை, சந்தேகப்படுங்கள். சாதாரண இணைப்பில் ஒரு பொட்டலம் 1500 பைட். பிபிபிஓஇ முறையில் யூசர் நேம் போட்டு இணையும் லைனில் 1492தான். விபிஎன் தன் உறையை வேறு போர்த்தும்போது அளவு மீறிப்போய்ப் பொட்டலம் வழியில் தொலைகிறது. விபிஎன்னின் எம்டியூவை 1400 அல்லது அதற்கும் கீழே குறைத்துத் தரும்படி ஐடியிடம் கேளுங்கள்.

இவற்றில் எதிலும் சேராதது என்றால் போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு மணி நேரம் அதே விபிஎன்னை ஓட்டுங்கள். அங்கேயும் அறுந்தால் ஆபீஸ் பக்கமோ லேப்டாப்போதான். அப்போது ஐடிக்கு எழுதும் கடிதத்தில் இணைப்பு அறுந்த நேரங்கள், அந்தச் சமயம் 8.8.8.8 பிங் ஓடிக்கொண்டிருந்தது என்ற குறிப்பு, ஹாட்ஸ்பாட்டிலும் அறுந்தது என்ற தகவல், விபிஎன் காட்டிய பிழைச் செய்தியின் படம், இந்த நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். விபிஎன் சர்வரின் பதிவேட்டில் அந்த நிமிடத்தைத் தேடிப் பார்த்தால், யார் இணைப்பை முறித்தது, என்ன காரணத்துக்காக என்று பெரும்பாலும் அவர்களுக்கே தெரிந்துவிடும்.